கோர்ட் சொன்னால் கவுன்சில் காசு கொடுத்தே ஆக வேண்டுமா?

வாசகர் கேள்விகள், வழக்கறிஞர் அக்காவின் பதில்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்களைப் பிரித்து வைத்தால் முக்கால்வாசி ஒரே சங்கதிதான். பிள்ளைகள் வழக்கில் ஜட்ஜ் ஒன்று சொல்கிறார், கவுன்சில் என்கிற உள்ளூராட்சி மன்றமோ சுகாதாரத் துறையோ அதற்குப் பணம் ஒதுக்க மாட்டேன் என்கிறது, நடுவில் நாங்கள் என்ன செய்வது என்று. எல்லாம் லண்டன், பர்மிங்ஹாம் பக்கத்துக் கடிதங்கள், ஒன்று மட்டும் ஊரிலிருந்து. அதனால் கீழே இருப்பதெல்லாம் இங்கிலாந்துச் சட்டம். ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் இதை நம்பி எதையும் செய்துவிட வேண்டாம், அங்கே சட்டமே வேறு.

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயது. மனைவியும் நானும் பிரிந்து இரண்டு வருடமாகிறது. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 6. ஒரு வாரம் அம்மாவிடம், ஒரு வாரம் என்னிடம் என்று குடும்ப நீதிமன்றம் உத்தரவு போட்டது. நான் இருப்பது கிழக்கு லண்டனில் ஒரு வீட்டின் மாடியறை, அதையும் அடுத்த மாதம் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். உத்தரவை எடுத்துக்கொண்டு கவுன்சில் ஹவுசிங் பிரிவுக்குப் போனேன். பிள்ளைகளுக்குத்தான் அம்மா வீடு இருக்கிறதே, உங்களுக்கு முன்னுரிமை இல்லை என்று கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதையாக இருக்கிறது. இது கோர்ட் அவமதிப்பு இல்லையா?

பதில்: இல்லை தம்பி. உங்கள் உத்தரவை எடுத்து இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். உங்கள் பெயர் இருக்கும், பிள்ளைகளின் அம்மா பெயர் இருக்கும், பிள்ளைகள் பெயர் இருக்கும். கவுன்சிலின் பெயர் ஒரு வரியிலும் இருக்காது. அந்த வழக்கில் கவுன்சில் ஒரு தரப்பே இல்லை, அதன் வாதத்தை யாரும் கேட்கவும் இல்லை, அப்புறம் எப்படி அது அவமதித்ததாகும்?

உங்கள் கதையை அச்சு அசலாக ஒத்த வழக்கு ஒன்று லண்டனிலேயே நடந்து, நாட்டின் உச்ச மேல்முறையீடு வரை போயிருக்கிறது. ரிச்மண்ட் பகுதியில் ஒரு தகப்பன். வீட்டை விட்டு வெளியேறச் சம்மதித்தார், இளைய மூன்று பிள்ளைகளும் வாரம் மாற்றி வாரம் அப்பா, அம்மா இருவரிடமும் இருக்க வேண்டும், பள்ளி விடுமுறையும் பாதிப் பாதி என்று இருவரும் ஒத்துக்கொண்டு உத்தரவு வாங்கினார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளோடு தங்க எனக்கு வீடு வேண்டும் என்று அவர் ரிச்மண்ட் கவுன்சிலிடம் போனார். கவுன்சில் மறுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் தகப்பன் பக்கம் தீர்ப்புச் சொன்னது, ஆனால் 2009 பிப்ரவரியில் பிரபுக்கள் சபை அதைத் தூக்கிப் போட்டுவிட்டது. அந்த வருடம் அக்டோபரில்தான் சுப்ரீம் கோர்ட் வந்தது, அதற்கு முன்பு பிரபுக்கள் சபை நீதிபதிகள்தான் கடைசி வார்த்தை.

அவர்கள் சொன்ன காரணத்தை ஆத்திரப்படாமல் கேளுங்கள். 1996ஆம் வருட வீட்டுவசதிச் சட்டத்தின் 189ஆவது பிரிவு, உங்களோடு வசிக்கிற, அல்லது வசிப்பார்கள் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய பிள்ளைகள் இருந்தால் உங்களுக்கு முன்னுரிமை என்கிறது. அந்த 'நியாயமாக' என்ற சொல்லை எடைபோடுவது யார் வேலை? கவுன்சிலின் வேலை. குடும்ப நீதிமன்றம் பார்ப்பது இந்தப் பிள்ளைகளுக்கு எது நல்லது என்று. கவுன்சில் பார்க்க வேண்டியது, வீடே இல்லாமல் ஒரு வரிசை நிற்கும்போது, ஏற்கெனவே அம்மா வீட்டில் இடம் உள்ள பிள்ளைகளுக்கு இரண்டாவதாக ஒரு வீடு கொடுப்பது நியாயமா என்று. இரண்டும் வேறு கேள்விகள். மாதத்தில் பாதி நாள் வெறுமனே கிடக்கப்போகும் அறைகளைக் கவுன்சில் கொடுக்க வேண்டுமென்றால் பிள்ளையின் தேவை அசாதாரணமாக இருக்க வேண்டும் என்றார் லார்ட் ஹாஃப்மன். அதற்கு அவர் காட்டிய உதாரணம், உடல் குறைபாடு உள்ள, பிரிந்த இரண்டு பெற்றோரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே ஆக வேண்டிய பிள்ளை. கூட இருந்த பரோனஸ் ஹேல் குடும்பச் சட்டத்திலேயே ஊறியவர், அவரே இல்லாத வளத்தைக் குடும்ப நீதிமன்றம் மந்திரம் போட்டு வரவழைக்க முடியாது என்று எழுதினார். இன்னொரு வரியும் கவனிக்க வேண்டியது: கவுன்சிலை நெருக்குவதற்காக இப்படி உத்தரவு வாங்குவதையோ கொடுப்பதையோ நிறுத்துங்கள் என்று குடும்ப நீதிபதிகளுக்கே குட்டு வைத்தார்கள்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று நம் ஆட்கள் சொல்வார்களே, நீதிபதிகள் பயந்தது அதற்குத்தான். ஒரு குடும்ப நீதிபதியின் முன்னால் நிற்பது ஒரு குடும்பம். கவுன்சிலின் பட்டியலில் நிற்பது நூற்றுக்கணக்கான குடும்பங்கள், அவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை. எனக்கும் முதலில் இது கல்நெஞ்சுத் தீர்ப்பாகத்தான் பட்டது. அப்புறம் பெட் அண்ட் பிரேக்ஃபஸ்ட் என்கிற தற்காலிக விடுதி அறை ஒன்றில் மூன்று பிள்ளைகளோடு மாதக்கணக்கில் கிடந்த ஒரு அம்மாவுக்காக வழக்காடியபோது, வேறு யாரோ உத்தரவு வாங்கி இவரைத் தாண்டிப் போயிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். கோபம் கொஞ்சம் இறங்கியது.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. கவுன்சில் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். மறுபரிசீலனை கேட்க 21 நாள்தான். மகனுக்கோ மகளுக்கோ மருத்துவத் தேவையோ கற்றல் சிக்கலோ இருந்தால் டாக்டர் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம் எல்லாவற்றையும் இப்போதே சேர்த்துக் கொடுங்கள், அந்த அசாதாரணம் என்ற வாசல் வழியாகத்தான் உள்ளே போக முடியும். மறுபரிசீலனையும் தோற்றால் இன்னொரு 21 நாளுக்குள் கவுண்டி கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் சட்டப் பிழை இருந்தால் மட்டும். அடுத்தது, முன்னுரிமை இல்லை என்பதால் உதவியே இல்லை என்று அர்த்தமில்லை. 2018 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, வீடு போகப்போகிறவருக்கும் போய்விட்டவருக்கும் முன்னுரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவுன்சில் 56 நாள் அளவுக்காவது திட்டம் போட்டு உதவியாக வேண்டும். டெபாசிட்டுக்கு உதவி, வாடகை வீடு தேடித் தருவது, இந்த மாதிரி. எனக்கான திட்டம் எழுத்தில் எங்கே என்று கேளுங்கள். யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையில் ஒரு பிள்ளையை ஒரு பெற்றோரின் கணக்கில்தான் சேர்ப்பார்கள், இரண்டு பேருக்கும் பிரித்துத் தர மாட்டார்கள். இரண்டு பிள்ளைகளில் ஒருவரை உங்கள் கணக்கில் சேர்க்க அவர்களின் அம்மா சம்மதிப்பாரா என்று பேசிப் பாருங்கள். பேச்சு வார்த்தை இருந்தால்தான், அது எனக்கும் தெரியும்.

கேள்வி: அக்கா, என் இரண்டு வயது மகள் இப்போது வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கிறாள். எனக்கு மனநலச் சிக்கல் இருக்கிறது, மறைக்கவில்லை. தாயும் பிள்ளையும் ஒன்றாகத் தங்கி ஒரு வருடம் சிகிச்சை எடுக்கிற இடத்துக்கு அனுப்பினால் நான் தேறிவிடுவேன் என்று நிபுணரே எழுதிக் கொடுத்திருக்கிறார். சோஷல் சர்வீஸ் செலவு தாங்காது என்கிறது. நீதிபதி சொல்லி அனுப்ப வைக்க முடியாதா?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் இருக்கிற 'சிகிச்சை' என்ற ஒரு சொல்தான் இங்கே தடை.

1989ஆம் வருடச் சிறார் சட்டத்தில் 38(6) என்று ஒரு சின்ன உட்பிரிவு இருக்கிறது. இடைக்காலத்தில் பிள்ளை கவுன்சிலின் பொறுப்பில் இருக்கும்போது பரிசோதனையோ மதிப்பீடோ செய்யச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது. செலவு கவுன்சில் தலையில். பெரும்பாலும் எங்கே பணத்துக்கு உத்தரவு போட முடியாது என்றே படித்துப் பழகிய எங்களுக்கு இந்தப் பிரிவு ஒரு ஜன்னல் மாதிரி. அந்த ஜன்னல் எவ்வளவு அகலம் என்பதில்தான் சண்டை.

1990களில் ஒரு வழக்கு. மிக இளம் வயதுப் பெற்றோர், கைக்குழந்தைக்குக் காரணம் விளங்காத கடுமையான காயம். பெற்றோரையும் குழந்தையையும் ஒன்றாகத் தங்கவைத்துப் பார்க்கலாம் என்று கூட இருந்த சமூகப் பணியாளர்களே சொன்னார்கள், மேலே இருந்தவர்கள் செலவையும் ஆபத்தையும் சொல்லி மறுத்தார்கள். பிரபுக்கள் சபை நீதிமன்றத்தின் பக்கம் நின்றது. வழக்கை முடிவு செய்யத் தேவையான தகவலைச் சேர்ப்பது நீதிபதியின் வேலை, அதைக் கவுன்சில் பணத்தைக் காட்டித் தடுக்க முடியாது என்றார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அப்போது கொண்டாட்டம்.

கொண்டாட்டம் 2005 வரைதான். கென்ட் கவுண்டி கவுன்சில் வழக்கு அது. லண்டனில் இருக்கும் காசல் மருத்துவமனையில் ஒரு குடும்பம் தங்கி, ஆரம்ப மதிப்பீடு முடிந்து, நீண்ட உளவியல் சிகிச்சை தொடர வேண்டும் என்ற நிலை. அதையும் மதிப்பீடு என்ற கணக்கில் சேர்த்துக் கவுன்சில் கட்டணும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதை பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. மதிப்பீடு என்றால் பிள்ளையைப் பற்றி, பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உள்ள உறவைப் பற்றி நீதிமன்றத்துக்குத் தெரியவைப்பது. பெற்றோரை மாற்றுவதே முக்கிய நோக்கமாகிவிட்டால் அது சிகிச்சை, அதற்கு 38(6) இல்லை. நான்கு வாரம் பார்த்துச் சொல்லுங்கள் என்பது சரி. ஒரு வருடம் வைத்துத் தேற்றி அனுப்புங்கள் என்பது முடியாது.

சட்டமாகப் பார்த்தால் கோடு தெளிவாகத்தான் இருக்கிறது. மனிதர்களாகப் பார்த்தால் அவ்வளவு தெளிவில்லை. ஒரு தாய் மாறக்கூடியவரா என்பதை, மாறுவதற்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்காமல் எப்படி மதிப்பிடுவது? இந்தத் தீர்ப்பை நான் இன்னும் முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை, ஆனால் அதை மீறி வாதாடவும் வழியில்லை. 2014இல் பாராளுமன்றம் பிடியை இன்னும் இறுக்கியது: வழக்கை நியாயமாக முடிக்க அவசியம் இருந்தால்தான் மதிப்பீட்டு உத்தரவு, அதிலும் செலவைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். கூடவே முழு வழக்கையும் 26 வாரத்துக்குள் முடிக்கும் கெடுவும் வந்தது. ஒரு வருடத் திட்டம் அந்தக் கெடுவுக்குள் எங்கே அடங்கும்?

அதனால் உங்கள் சொலிசிட்டரிடம் இதைக் கேளுங்கள். நிபுணர் சொன்ன ஒரு வருடத்தின் முதல் சில வாரங்களைத் தனியாகப் பிரித்து, அந்த வாரங்களில் நீதிபதிக்கு என்னென்ன கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்று நிபுணரே எழுதித் தருவாரா? அப்படி எழுதினால் கதவைத் தட்டலாம். சிகிச்சைப் பகுதிக்கு ஜி.பி. என்கிற குடும்ப டாக்டர் வழியாக சுகாதாரத் துறையிடம் இன்றைக்கே போங்கள், தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீதிபதிக்கு முன்னால் போய் நிற்கும்போது ஏற்கெனவே வரிசையில் பெயர் இருக்கிற தாய்க்கும் இனிமேல் போகிறேன் என்கிற தாய்க்கும் நிறைய வித்தியாசம்.

இதே பிரச்சினைக்கு இன்னொரு வழி பிறந்ததையும் சொல்ல வேண்டும். குடியும் போதைப்பொருளும் உள்ள வழக்குகளுக்காக 2008இல் லண்டனில் ஒரு தனி நீதிமன்றத்தைத் தொடங்கினார்கள், அதற்கு முன்கை எடுத்தவர் மாவட்ட நீதிபதி நிக்கோலஸ் கிரிக்டன். நீதிபதியோடு சேர்ந்தே ஒரு சிகிச்சைக் குழுவும் இருக்கும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே நீதிபதியிடம் போய் நேராகப் பேசலாம். உத்தரவு போட்டுப் பணம் பிடுங்கும் வழியில்லை இது, முன்கூட்டியே பணம் போட்டு வைத்திருக்கும் வழி. ஆனால் அந்தப் பணமும் கவுன்சில்கள் போடுவதுதான். உங்கள் கவுன்சில் அதில் சேரவில்லையென்றால் உங்களுக்கு அந்த நீதிமன்றம் இல்லை.

கேள்வி: மேடம், முன்னாள் கணவர் என்னை அடித்ததாக நான் சொல்லியிருக்கிறேன். அவரிடம் வக்கீல் இல்லை. அவரே என்னைக் குறுக்கு விசாரணை செய்வாரா? அரசாங்கம் அவருக்கு வக்கீல் வைத்துக் கொடுக்குமாம் என்று ஒரு தோழி சொல்கிறாள், அது அவருக்கு இலவசப் பரிசா?

பதில்: பெரும்பாலும் அவர் உங்களைக் கேள்வி கேட்க மாட்டார் அம்மா. அதற்கு இப்போது சட்டம் இருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்டால் இந்த மாதப் பேச்சோடு அழகாகப் பொருந்தும்.

2013 ஏப்ரலில் தனிப்பட்ட குடும்ப வழக்குகளுக்கான லீகல் எய்டை, அதாவது அரசு செலவில் கிடைக்கும் வக்கீல் உதவியை, பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். கொடுமைக்கு ஆதாரம் காட்டுகிறவருக்குக் கிடைக்கும், குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைக்காது. அதனால் வக்கீல் இல்லாத அப்பாக்கள், தாங்கள் அடித்ததாகச் சொல்லப்படும் பெண்களைத் தாங்களே கூண்டில் வைத்துக் கேள்வி கேட்கும் அவலம் வந்தது. குடும்பப் பிரிவின் தலைவராக இருந்த சர் ஜேம்ஸ் மன்பி, வேறு வழியே இல்லையென்றால் நீதிமன்றத் துறையே வக்கீல் கூலியைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று 2014இல் ஒரு தீர்ப்பில் எழுதினார். அடுத்து ஒரு வழக்கில் 17 வயதுப் பெண் ஒருத்தி தன்மேல் சுமத்திய குற்றச்சாட்டை எதிர்கொள்ள வேண்டிய ஒரு தகப்பன். அவர் அவளைக் கேள்வி கேட்பது சரியில்லை, நான் கேட்பதும் சரியில்லை, நீதிமன்றத் துறை ஒரு வக்கீலுக்குப் பணம் கட்டட்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். 2015 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. லீகல் எய்ட் யாருக்கு, எப்போது என்று பாராளுமன்றம் விரிவாக எழுதி வைத்திருக்கும்போது நீதிபதி பக்கவாசல் வழியாகக் கஜானாவைத் திறக்க முடியாது என்றார் லார்ட் டைசன். நீதிபதியே சில கேள்விகளைக் கேட்கலாம் என்றார்கள், அதோடு பாராளுமன்றம் இதைச் சரிசெய்தால் நல்லது என்ற தோரணையில் ஒரு சாடையும்.

பாராளுமன்றத்துக்கு அந்தச் சாடை புரிய ஆறு வருடமானது. 2021 வீட்டு வன்முறைச் சட்டத்தின்படி, 2022 ஜூலை 21ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ தொடங்கிய வழக்குகளில், சட்டம் சொல்லும் நிலைமைகளில் நேரடிக் குறுக்கு விசாரணைக்குத் தடை. வேறு வழியில்லாதபோது நீதிமன்றம் ஒரு வக்கீலை நியமிக்கும், பணம் அரசு நிதியிலிருந்து. 2015இல் முடியாது என்றது 2022இல் முடிகிறது, ஏனென்றால் இடையில் சட்டம் வந்தது. பரிசு என்று நினைக்காதீர்கள், அந்த வக்கீல் அவருடைய வக்கீலே இல்லை. குறுக்கு விசாரணை முடிந்ததும் போய்விடுவார். இதற்கு முன்வரும் வக்கீல்கள் குறைவு, கூலியும் குறைவு, அதனால் தாமதம் ஆகலாம். அதற்காகக் கோரிக்கையைக் கைவிடாதீர்கள். திரை வேண்டும், தனி வாசல் வேண்டும் என்பதையும் சேர்த்து இப்போதே எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன், வயது 71. என் மகள் லண்டனில். பேரனுக்கு ஓட்டிசம். பிள்ளை தாயிடமே இருக்கட்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது, கிழமைக்கு இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி கட்டாயம் வேண்டும் என்றும் ஜட்ஜ் எழுதியிருக்கிறாராம். ஒன்றரை வருடமாகிறது, கவுன்சில் ஒரு நாள் பயிற்சியும் கொடுக்கவில்லை. ஜட்ஜ் எழுதியதற்கு மதிப்பில்லையா பிள்ளை?

பதில்: மதிப்பிருக்கிறது ஐயா, ஆனால் பலிக்கிற இடம் வேறு. உங்கள் மகள் சரியான ஆயுதத்தைத் தவறான வாசலில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

குடும்ப நீதிபதி எழுதியது அபிப்பிராயம். பயிற்சிக்குப் பணம் கொடுக்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளது இன்னொரு இடத்துக்கு: சிறப்புக் கல்வித் தேவை தீர்ப்பாயம். பேரனுக்கு இ.எச்.சி. பிளான், அதாவது கல்வி, சுகாதாரம், பராமரிப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறதா என்று மகளிடம் கேளுங்கள். இல்லையென்றால் கவுன்சிலுக்கு எழுதி மதிப்பீடு கேட்க வேண்டும், பள்ளிக்கூடம் சம்மதிக்க வேண்டும் என்பதெல்லாம் இல்லை, தாயே கேட்கலாம். மறுத்தால் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு. இரண்டு மாதம் கெடு, அல்லது சமரசச் சான்றிதழ் வாங்கிய நாளிலிருந்து ஒரு மாதம், எது பிந்தியதோ அது. கட்டணம் இல்லை. பேச்சுப் பயிற்சி பிள்ளையின் கல்விக்காக என்று பிளானின் எஃப் பகுதியில், கிழமைக்கு இத்தனை தடவை, ஒரு தடவைக்கு இத்தனை நிமிடம், யார் தருவது என்று எண்ணோடு எழுதப்பட்டுவிட்டால், அதைக் கொடுப்பது கவுன்சிலின் கட்டாயக் கடமை. காசில்லை என்ற பதில் அங்கே செல்லாது. 'தேவைக்கேற்ப பேச்சுப் பயிற்சி' என்று குழைவாக எழுதிக் கொடுப்பார்கள், ஒத்துக்கொண்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அதே தீர்ப்பாயம் சுகாதாரம், சமூகப் பராமரிப்பு சம்பந்தமாக ஏதாவது சொன்னால் அது பரிந்துரை மட்டும்தான், கட்டுப்படுத்தாது. ஒரே ஆவணம், ஒரே தீர்ப்பாயம், ஒரு பக்கத்துக்குப் பல் உண்டு, அடுத்த பக்கத்துக்கு இல்லை. குடும்ப நீதிபதியின் அந்தத் தாளை வீணாக்க வேண்டாம், அந்த நீதிமன்றத்தின் அனுமதி பெற்று அதைத் தீர்ப்பாயத்தில் சான்றாக வைக்கலாம். அங்கே அதற்கு நல்ல எடை இருக்கும்.

கேள்வி: தீர்ப்பு வந்தபோது அண்ணன் தங்கையை மாதம் ஒரு தடவை சந்திக்க வைப்போம் என்று கவுன்சில் பராமரிப்புத் திட்டத்தில் எழுதியது. இப்போது ஆள் பற்றாக்குறை என்று ஆறு மாதமாக ஒன்றும் இல்லை. பழைய ஜட்ஜிடமே போகலாமா?

பதில்: கவுன்சில் திட்டத்தை மீறிவிட்டது என்று முறையிட மட்டும் போக முடியாது. பிள்ளையைக் கவுன்சிலின் பொறுப்பில் விடும் முழுப் பராமரிப்பு உத்தரவு போட்டதோடு கட்டுப்பாடு கவுன்சில் கைக்குப் போய்விடுகிறது. திட்டத்தின் முக்கியக் கட்டங்களுக்கு நட்சத்திரம் போட்டு, அவை நடக்காவிட்டால் வழக்கு திரும்பி வரட்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு நல்ல யோசனை கண்டுபிடித்தது. 2002 மார்ச்சில் பிரபுக்கள் சபை அதை நிராகரித்தது, இது விளக்கம் இல்லை, புதுச் சட்டம் எழுதுவது என்று. அந்த ஓட்டையை அடைக்க வந்தவர்தான், பிள்ளையின் திட்டம் நடக்கிறதா என்று பார்க்கும் சுயேச்சை மறுஆய்வு அதிகாரி. அவர் பெயரைக் கேட்டு வாங்கி அவருக்கு எழுதுங்கள். ஆனால் சந்திப்பு விஷயத்துக்கென்று சிறார் சட்டத்தில் தனியாக 34ஆவது பிரிவு இருக்கிறது, அதன் கீழ் நீதிமன்றத்துக்கு மறுபடி போகலாம், அங்கே நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. உங்கள் வழக்கு அதில் அடங்குமா என்று சொலிசிட்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் முடியாது முடியாது என்கிறீர்களே அக்கா, அப்படியென்றால் ஜட்ஜ் எதற்கு?

பதில்: கோபம் புரிகிறது. 2017 ஆகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

17 வயதுப் பெண் ஒருத்தி, இளையோர் காவல் விடுதியில் இருக்கிறாள், தன் உயிருக்கே பலமுறை ஆபத்துத் தேடிக்கொண்டவள். பதினொரு நாளில் விடுதலை. வெளியே வந்தால் பாதுகாப்பாக வைத்துப் பார்க்க நாடு முழுக்க ஒரு மனநல மருத்துவமனையிலும் இடமில்லை. வழக்கு மன்பியிடம். படுக்கை கொடு என்று சுகாதாரத் துறைக்கு உத்தரவிட அவருக்கு அதிகாரமில்லை, அது அவருக்கே தெரியும். அவர் செய்தது என்ன? தீர்ப்பை வெளிப்படையாக எழுதினார். இந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அமைப்பு, சமூகம், அரசு என்று நம் எல்லோர் கையிலும் ரத்தக்கறை இருக்கும் என்ற பொருளில் எழுதி, பிரதியை உள்துறை, சுகாதாரம், கல்வி, நீதித் துறை அமைச்சர்களுக்கும் சுகாதார சேவையின் தலைவருக்கும் அனுப்பச் சொன்னார். பத்திரிகைகளில் அது பெரிய செய்தியானது. சில நாளிலேயே இடம் கிடைத்துவிட்டது.

அதற்கப்புறம் அவர் எழுதியதுதான் எனக்கு முக்கியம். பெரிய நீதிபதி ஒருவரிடம் வழக்கு வந்தது என்பதால் ஒரு பிள்ளைக்கு இடம் கிடைக்கிறது என்றால் அது சரியில்லை என்ற கருத்தில் எழுதினார். வராத வழக்குகளின் பிள்ளைகள்?

சாதாரண வழக்கிலும் இதில் ஒரு பங்கு செய்யலாம். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்கலாம், பட்ஜெட்டில் கையெழுத்துப் போடும் மேலதிகாரியையே நேரில் வரவழைக்கலாம், திட்டத்தை மறுபடி யோசித்து வாருங்கள் என்று வழக்கைத் தள்ளி வைக்கலாம். கீழ்மட்ட ஊழியர் முடியாது என்றதை, நீதிபதியின் முன்னால் நின்று காரணம் சொல்ல வேண்டி வந்த மேலதிகாரி முடியும் என்று சொன்னதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், அதுவும் விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஈமெயிலில். இதெல்லாம் போதாது, மறுப்பே சட்டவிரோதம் என்றால் நிர்வாக நீதிமன்றத்தில் ஜூடிஷியல் ரிவ்யூ, அதாவது கவுன்சிலின் முடிவு சட்டப்படி சரியா என்று பார்க்கச் சொல்லும் வழக்கு. தாமதிக்காமல் போக வேண்டும், எப்படியும் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது. ஆனால் 1989 சிறார் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி தேவையுள்ள எந்தப் பிள்ளைக்கும் கவுன்சில் உதவியாக வேண்டும் என்று மட்டும் வாதம் வைத்துப் போகாதீர்கள். 2003இல் பார்னெட் கவுன்சில் வழக்கில், அது பொதுவான கடமை, தனிப்பட்ட ஒரு பிள்ளை உரிமையாகக் கேட்க முடியாது என்று முடிவு சொல்லிவிட்டார்கள்.

கேள்வி: வழக்கின் முழுக் கட்டும், 214 பக்கம், ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறேன். சந்திப்பு மையக் கட்டணத்தைக் கவுன்சில் கட்ட வேண்டுமா என்று பார்த்துச் சொல்லவும்.

பதில்: முதல் பக்கத்தோடு மூடி, அழித்துவிட்டேன் ஐயா. பிள்ளைகள் வழக்கின் தாள்களை இப்படி வெளியாட்களுக்கு அனுப்பினால் அதுதான் உண்மையில் கோர்ட் அவமதிப்பாகலாம், வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால் இன்றே உங்கள் சொலிசிட்டரிடம் சொல்லுங்கள். பெற்றோருக்கிடையிலான வழக்கில், பிள்ளையைப் பெற்றோர் சந்திக்கும் மையத்தின் கட்டணத்தைக் கட்டச் சொல்லி வழக்கில் இல்லாத கவுன்சிலை நீதிபதி பிடிக்க மாட்டார், பெற்றோரில் யார் எவ்வளவு என்றுதான் பேச்சு வரும். கூடவே ஒருவர் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் மேற்பார்வைச் சந்திப்புக்குத்தான் செலவு அதிகம். தன்னார்வலர்கள் நடத்தும் பொதுவான மையம் போதுமா என்று அடுத்த விசாரணையில் கேட்டுப் பாருங்கள், அதற்குக் கட்டணம் மிகவும் குறைவு.